செயற்கை நுண்ணறிவுக்குச் சாதி தெரியும், கருத்தரங்குகளுக்குத்தான் தெரியவில்லை

கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளாக நம் பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் ஏறக்குறைய ஒரே தலைப்பில்தான் கருத்தரங்குகள் நடக்கின்றன. 'உயர்கல்வியில் ஆக்கமுறை செயற்கை நுண்ணறிவின் பயன்பாடுகள்', 'மருத்துவத்தில் பயன்பாடுகள்', 'வேளாண்மையில் பயன்பாடுகள்', 'தமிழ் ஆய்வில் பயன்பாடுகள்' என்று துறையின் பெயரை மட்டும் மாற்றினால் அழைப்பிதழ் தயாராகி விடுகிறது. குத்துவிளக்கு, வரவேற்புரை, துணைவேந்தரின் வாழ்த்துரை, ஏதோ ஒரு மென்பொருள் நிறுவனத்திலிருந்து வந்தவரின் சிறப்புரை, மதியத்துக்கு மேல் கட்டுரை வாசிப்பு, மாலையில் சான்றிதழ். ஆசிரியருக்குப் பதவி உயர்வுக்கான புள்ளி, கல்லூரிக்கு நாக் அறிக்கையில் ஒரு வரி, மாணவருக்குப் பதிவுக் கட்டணச் செலவு.

இதைக் கேலி செய்து விட்டுப் போவது எளிது. ஆனால் இந்த மேடைகளில் பேசப்படுபவை மேடையோடு நின்று விடுவதில்லை. வினாத்தாள் தயாரிப்பது, விடைத்தாள் திருத்துவது, விண்ணப்பங்களை வடிகட்டுவது, பரிந்துரைக் கடிதம் எழுதுவது, மாணவருக்கு ஆலோசனை சொல்வது ஆகிய அனைத்தையும் ஏஐயிடம் கொடுக்கலாம் என்று அங்கே சொல்லப்படுகிறது. இன்று திரையில் காட்டப்படும் செயல்விளக்கம் நாளை கல்லூரியின் நடைமுறை ஆகும். விண்ணப்பம், மதிப்பெண், பரிந்துரை, நேர்காணல் என்று சாதி இருநூறு ஆண்டுகளாகக் குந்தியிருந்து வேலை பார்த்த இடங்களும் இவைதான்.

நான் போய் உட்கார்ந்த கருத்தரங்குகளில் 'ஏஐயும் அறமும்' என்று ஓர் அமர்வு தவறாமல் இருந்தது. அதில் காப்புரிமை பற்றிப் பேசினார்கள், போலிக் காணொளி பற்றிப் பேசினார்கள், மாணவர்கள் காப்பியடிப்பது பற்றி மிக நீண்ட நேரம் பேசினார்கள். அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கு எதிராகக் கணினி எப்படிப் பாகுபாடு காட்டுகிறது என்று ஒரு படமும் காட்டினார்கள். சாதி என்ற சொல் மட்டும் வரவில்லை. எட்டாயிரம் மைல் தொலைவில் இருக்கும் நிறவெறி தெரிகிறது, எதிர் வரிசையில் உட்கார்ந்திருப்பவரின் ஊருக்குள் இருக்கும் இரட்டைக் குவளை தெரியவில்லை.

அந்த இயந்திரத்துக்கும் சாதி தெரியாமல் இருந்திருந்தால், போகட்டும் என்று விட்டிருக்கலாம். அதற்கு நன்றாகவே தெரியும்.

2025 அக்டோபரில் 'எம்ஐடி டெக்னாலஜி ரிவ்யூ' இதழ் ஒரு புலனாய்வுக் கட்டுரை வெளியிட்டது. ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் உருவாக்கியிருந்த வாக்கியத் தொகுப்பிலிருந்து 105 வாக்கியங்களை எடுத்து சாட்ஜிபிடியின் ஜிபிடி-5 மாதிரியிடம் கொடுத்தார்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு கோடிட்ட இடம். அதை 'பார்ப்பனர்' அல்லது 'தலித்' என்ற சொல்லால் நிரப்ப வேண்டும். அறிவாளி யார், கழிவுநீர் அகற்றுபவர் யார் என்கிற மாதிரியான வாக்கியங்கள். 80 இடங்களில், அதாவது 76 விழுக்காட்டில், அந்த மாதிரி சாதியின் வாய்ப்பாட்டை அப்படியே ஒப்பித்தது. அறிவு அங்கே போனது, சாக்கடை இங்கே வந்தது. அதே நிறுவனத்தின் காணொளிக் கருவியான சோராவிடம் தலித்தின் வேலை என்று கேட்டபோது, கறை படிந்த உடையில் துடைப்பத்தோடோ பாதாளச் சாக்கடைக் குழியிலோ நிற்கும் கறுத்த ஆண்களைக் காட்டியது. தலித்தின் நடத்தை என்று கேட்டதற்கு, சில படங்களில் புள்ளி போட்ட டால்மேஷன் நாயைக் காட்டியது.

அதே கட்டுரையில் இன்னொரு செய்தி. ஒரு தலித் ஆய்வாளர் பெங்களூருவில் ஓர் ஆய்வுப் பணிக்கு விண்ணப்பிக்கிறார். விண்ணப்பக் கடிதத்தின் ஆங்கிலத்தைச் செப்பனிட சாட்ஜிபிடியிடம் கொடுக்கிறார். அது ஆங்கிலத்தைத் திருத்தியதோடு, அவருடைய குடும்பப் பெயரையும் 'சர்மா' என்று திருத்தி விட்டது. ஏன் என்று கேட்டதற்கு, கல்வி வட்டாரங்களில் அந்த மாதிரிப் பெயர்கள்தான் அதிகம் என்கிற பொருளில் விளக்கம் சொன்னது. பல்கலைக்கழகத்துக்குள் யார் இருப்பார்கள் என்று இயந்திரம் கணித்திருக்கிறது. அந்தக் கணிப்பில் அவருக்கு இடமில்லை, அதனால் இடமுள்ள ஒரு பெயரைக் கொடுத்திருக்கிறது.

இந்த இடத்தில் தொழில்நுட்பத் துறையினர் வழக்கமாகச் சொல்லும் பதில், "ஏஐ ஒரு கண்ணாடி. சமூகம் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் காட்டும்" என்பது. பாதாளச் சாக்கடையில் இறங்கிச் சாகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித்துகள் என்பது உண்மைதானே, அதைக் காட்டியதில் என்ன குற்றம் என்று கேட்கிறார்கள். இந்த வாதத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நம் தோழர்கள் சிலரே இதில் தடுமாறுகிறார்கள்.

மொழி மாதிரி என்பது மலைபோல் குவித்த எழுத்திலிருந்து, எந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் எந்தச் சொல் வரும் என்று கற்றுக் கொள்கிற ஒன்று. அது உலகத்தைப் படிப்பதில்லை, உலகத்தைப் பற்றி எழுதப்பட்டதைத்தான் படிக்கிறது. யார் எழுதினார்கள்? எப்போது எழுதினார்கள்? ஆங்கிலச் செய்தித்தாளை எடுத்துப் பாருங்கள். 'தலித்' என்ற சொல் எந்தச் செய்தியில் வருகிறது? வெட்டப்பட்டால், எரிக்கப்பட்டால், குழிக்குள் மூச்சுத் திணறினால் வருகிறது. அதே தலித் மருத்துவராகி ஆயிரம் அறுவைச் சிகிச்சை செய்தால் அந்தச் செய்தியில் 'மருத்துவர்' என்று மட்டும்தான் இருக்கும். ஆதிக்க சாதிக்காரருக்கு இது நேர்மாறாக நடக்கிறது. அவர் நீதிபதி, விஞ்ஞானி, எழுத்தாளர் என்று சாதி ஒட்டாத பெயர்களில் எங்கும் நிறைந்திருக்கிறார். அவர் ஊழல் செய்து பிடிபட்டாலும் செய்தியில் சாதி வராது. தலித் மனிதராக வாழ்ந்த நாள்கள் எழுத்தில் இல்லை, அடிபட்ட நாள்கள் மட்டுமே இருக்கின்றன. அந்த எழுத்தைத் தின்று வளர்ந்த இயந்திரம் கண்ணாடி ஆகாது. நூற்றாண்டுகளாக ஒரு தரப்பு மட்டுமே எழுதிய பதிவேட்டின் சாரம் அது.

கண்ணாடி யாரையும் வேலைக்குத் தேர்ந்தெடுப்பதில்லை என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள். இந்தக் கருவிகள் தேர்ந்தெடுக்கப் போகின்றன.

சரி, இதைத் திருத்தவே முடியாதா? முடியும் என்பதற்கு அதே கட்டுரையில் சான்று இருக்கிறது. முந்தைய மாதிரியான ஜிபிடி-4ஓ, இந்த வாக்கியங்களில் 42 விழுக்காட்டை நிரப்ப மறுத்திருக்கிறது. புதியது அப்படி மறுக்கவில்லை. அதாவது, நிறுவனம் நினைத்தால் கட்டுப்படுத்தலாம், நினைக்காவிட்டால் கழன்று போகும். எதை நினைக்கிறார்கள் என்பது எதைச் சோதிக்கிறார்கள் என்பதில் தெரியும். மாதிரிகளின் பாகுபாட்டை அளக்கப் பரவலாகப் பயன்படும் சோதனைகளில் ஒன்று, 'பிபிக்யூ'. நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையில் உருவானது. அதில் வயது, பாலினம், இனம், மதம், உடல் ஊனம், நாடு, வர்க்கம் என்று ஒன்பது பிரிவுகள் உள்ளன. சாதி இல்லை. அதைச் செய்தவர்கள் மேல் குற்றமில்லை, அமெரிக்க ஆங்கிலச் சூழலுக்கு என்று சொல்லித்தான் செய்தார்கள். ஆனால் அந்தச் சோதனையில் தேறிய இயந்திரம் விருதுநகர் மாவட்டத்து மாணவருக்கும் பாதுகாப்பானது என்று நம் மேடைகளில் சொல்லப்படுகிறதே, குற்றம் அங்கே இருக்கிறது.

அந்த நிறுவனங்களுக்குள்ளேயே இதைப் பேச இடமிருக்கிறதா? 2022 ஏப்ரலில், தலித் வரலாற்று மாதத்தையொட்டி கூகுள் நியூஸ் பிரிவில் சாதி பற்றிப் பேச தேன்மொழி சௌந்தரராஜன் அழைக்கப்பட்டார். ஊழியர்கள் சிலர் அவரை இந்து விரோதி என்று மின்னஞ்சல் அனுப்பினார்கள், உரை ரத்தானது. ஏற்பாடு செய்த தனுஜா குப்தா வேலையை விட்டு விலகினார். ஒரே ஓர் உரை. அதைக்கூடத் தாங்க முடியாத நிறுவனம்தான் இன்று ஜெமினியைத் தந்து, உங்கள் வகுப்பறையில் வைத்துக் கொள்ளுங்கள் என்கிறது.

அமெரிக்காவை மட்டும் சொல்வானேன். 2015இல் சென்னை ஐஐடியில் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தின் அங்கீகாரத்தை ரத்து செய்தார்கள். ஒன்றிய அமைச்சகத்துக்குப் போன பெயரில்லாக் கடிதம் ஒன்றுதான் அதற்குக் காரணம். நாடு முழுக்கப் போராட்டம் வெடித்த பிறகு திரும்பக் கொடுத்தார்கள். மாணவர்கள் ஒரு சிறு அறையில் கூடி அம்பேத்கரின் இன்றைய தேவை பற்றிப் பேசுவதும் துண்டறிக்கை கொடுப்பதும் வளாகத்துக்கு ஆபத்து. செயற்கை நுண்ணறிவு பற்றிய மாநாட்டுக்கோ குளிரூட்டப்பட்ட அரங்கு. இதற்கு நேர்மையான ஒரு மறுபக்கமும் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். அதே ஐஐடியின் ஆய்வாளர்கள் சாதி, மதம், பாலினம், ஊனம், வர்க்கம் ஆகியவற்றில் மாதிரிகள் காட்டும் பாகுபாட்டை இந்தியச் சூழலில் அளக்க 'இண்டிகாசா' என்ற தரவுத் தொகுப்பை வெளியிட்டிருக்கிறார்கள். வேலை தொடங்கி விட்டது. ஆனால் அது நம் ஊர்க் கல்லூரிகளின் அழைப்பிதழ்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

இங்கே தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. இதுவரை சொன்ன சோதனைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தவை. சாதியின் பெயரையோ குடும்பப் பெயரையோ வைத்து நடந்தவை. சர்மா, மிஸ்ரா, பானர்ஜி என்று வைத்தால் வடக்கே வேலை செய்யும். நமக்கு வேலை செய்யாது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தைப் போடக் கூடாது என்று தீர்மானம் போட்டது. அதன் பலனாகத்தான் இன்று நம்மில் பெரும்பாலோருக்குப் பெயரும் ஒரு முன்னெழுத்தும் மட்டும் இருக்கிறது. (விண்ணப்பத்தில் 'கடைசிப் பெயர்' கட்டாயம் என்று அடம்பிடிக்கும் மென்பொருளிடம் அப்பா பெயரைக் கொடுத்து ஏமாற்றுவது தமிழர்களின் தேசிய விளையாட்டு.) அப்படியானால் தமிழ்நாட்டில் இயந்திரத்துக்குச் சாதி தெரியாது என்று நிம்மதி அடையலாமா? முடியாது. பட்டத்தை உதிர்த்தோம், முகவரியை உதிர்க்க முடியவில்லை.

'காலனித் தெரு', 'அம்பேத்கர் நகர்', 'ஆதிதிராவிடர் குடியிருப்பு', 'கீழத்தெரு', 'அருந்ததியர் தெரு' என்பவற்றில் ஏதாவது ஒன்று விண்ணப்பத்தின் முகவரியில் இருக்கும். படித்த பள்ளியின் பெயரில் 'ஆதிதிராவிடர் நல' என்ற சொற்கள் இருக்கும். அப்பாவின் தொழில் இருக்கும். உதவித்தொகைப் பெயர் இருக்கும். தங்கிய விடுதியின் பெயர் இருக்கும். இவற்றில் ஒன்று போதும், தெரிந்து கொள்கிறவர் தெரிந்து கொள்வார். 'காலனி' என்ற சொல் வசைச் சொல்லாக மாறி விட்டது, அரசு ஆவணங்களிலிருந்து அது நீக்கப்படும் என்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தது இதனால்தான். ஆவணத்தில் நீக்கலாம். ஏற்கெனவே கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து முடித்த இயந்திரத்தின் எடைகளிலிருந்து எந்த அரசாணையால் நீக்குவது?

இதை அளப்பது கடினமில்லை. எந்தக் கல்லூரியிலும் இளங்கலை மாணவர்களே செய்யலாம். ஒரே மதிப்பெண், ஒரே பாடம், ஒரே பட்டறிவு கொண்ட இரண்டு தன்விவரக் குறிப்புகளை எழுதுங்கள். ஒன்றில் முகவரி 'சன்னதி தெரு', மற்றதில் 'அம்பேத்கர் நகர்'. வேறு எதையும் மாற்றாதீர்கள். யாரை நேர்காணலுக்கு அழைக்கலாம், எவ்வளவு சம்பளம் கொடுக்கலாம், எந்த வேலைக்குப் பொருத்தம் என்று கேளுங்கள். பரிந்துரைக் கடிதம் எழுதச் சொல்லி, ஒன்றில் 'புத்திசாலி' என்றும் மற்றதில் 'கடின உழைப்பாளி' என்றும் வருகிறதா என்று எண்ணுங்கள். தமிழில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை. இந்தக் கருவிகள் ஒரே கேள்விக்கு ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பதில் தரக் கூடியவை. அதனால் ஒரு திரைப்பிடிப்பை வைத்துக் கொண்டு 'பார்த்தீர்களா' என்று முகநூலில் போட்டால் அது சான்று ஆகாது. ஒவ்வொன்றையும் நூறு தடவை கேட்டுக் கணக்கெடுக்க வேண்டும். முடிவு எப்படி வந்தாலும் வெளியிட வேண்டும். பாகுபாடு தெரியவில்லை என்று வந்தால், அதுவும் நமக்குத் தேவையான செய்திதான்.

ஒரு நாள் கருத்தரங்குக்கு ஆகும் சாப்பாட்டுச் செலவைவிட இதற்குக் குறைவாகத்தான் ஆகும்.

நாம் இயந்திரத்துக்கு எதிரிகள் அல்ல. காந்தியார் இராட்டையைப் பிடித்துக் கொண்டிருந்தபோது, உழைக்கும் மனிதனுக்கு ஓய்வையும் பண்பாட்டு வாழ்வையும் இயந்திரம்தான் தர முடியும் என்று வாதாடியவர் அம்பேத்கர். பெரியாரின் 'இனிவரும் உலகம்' அறிவியல் மாற்றப் போகிற வாழ்க்கையை ஆசையோடு எதிர்பார்த்த நூல். இன்றும் முதல் தலைமுறையாக முனைவர் பட்ட ஆய்வுக்கு வந்த ஒரு மாணவிக்கு, இரவு பதினொரு மணிக்குத் தன் ஆங்கிலப் பத்தியைத் திருத்திக் கொடுக்க ஒரு கருவி கையில் இருப்பது சாதாரண விஷயமில்லை. இதுவரை அந்த உதவி நெறியாளரின் தயவில் இருந்தது, அல்லது ஆங்கிலம் பேசுகிற வீட்டில் பிறப்பதில் இருந்தது. ஆங்கிலம் என்ற காவலாளியை வாசலிலிருந்து அகற்றுகிற ஆற்றல் இந்தக் கருவிக்கு உண்டு.

இதே கருத்தரங்குகளில் அந்த மாணவியைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள், காப்பியடிக்கிறாள் என்று. அவளைப் பிடிக்க ஏஐ எழுத்தைக் கண்டறியும் மென்பொருளை வாங்கச் சொல்கிறார்கள். 2023இல் ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட ஏழு மென்பொருள்களைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் தேர்வில் தம் கையால் எழுதிய கட்டுரைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றை, இயந்திரம் எழுதியது என்று அவை குற்றம் சாட்டின. எளிய சொற்கள், எளிய வாக்கியங்கள் என்பதுதான் குற்றம். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து வந்தவரின் ஆங்கிலம் அப்படித்தான் இருக்கும். கான்வென்ட் ஆங்கிலம் தப்பித்துக் கொள்ளும். கருவியைப் பயன்படுத்தினால் காப்பி, பயன்படுத்தாமல் சொந்தமாக எழுதினாலும் காப்பி.

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத் தேர்வுகளில் விடைத்தாளின் மேல் ஒரு பொய் எண் போடுகிறார்களே, அது எதற்கு? திருத்துபவருக்கு எழுதியவர் யார் என்று தெரியக் கூடாது என்பதற்கு. திருத்துகிற மனிதரை நம்ப முடியாது என்று ஒப்புக் கொண்ட அமைப்பு அது. நேர்காணல் மதிப்பெண்ணை நாம் எதிர்த்ததும், 2006இல் தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வை ஒழித்துத் தமிழ்நாடு சட்டம் போட்டதும், தகுதி என்ற பெயரில் நடக்கும் வடிகட்டலை அறிந்துதான். இத்தனை அறிவும் பட்டறிவும் உள்ள மாநிலத்தில், மாணவரின் முழு விவரத்தையும் ஒரு சாட்பாட்டில் கொட்டி, 'இவர் இந்தப் படிப்புக்குப் பொருத்தமா' என்று கேட்கும் செயல்விளக்கத்தைப் பார்த்து அரங்கமே கைதட்டுகிறது.

2020இல் தமிழ்நாடு அரசு பாதுகாப்பான, அறம் சார்ந்த செயற்கை நுண்ணறிவுக்கான கொள்கை ஒன்றை வெளியிட்டது. சாட்ஜிபிடி வருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே. பொதுமக்களுக்காகப் பயன்படுத்தப்படும் ஏஐ அமைப்புகளைப் பன்மைத்தன்மை, சமத்துவம், அறம், அந்தரங்கம் ஆகியவற்றில் மதிப்பெண் போட்டுச் சோதிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. மாநிலப் பல்கலைக்கழகம் விலை கொடுத்து வாங்கும் கருவிக்கு இது ஏன் பொருந்தக் கூடாது? அந்த மதிப்பெண் அட்டையில் சாதிக்கென்று தனி வரி வேண்டும், அதைத் தமிழில், முகவரியும் பள்ளியும் விடுதியும் வைத்துச் சோதிக்க வேண்டும் என்பதுதான் நம் கோரிக்கை. கருத்தரங்கு நடத்த அரசுப் பணம் பெறும் துறை, சாதிப் பாகுபாடு பற்றி ஓர் அமர்வாவது வைக்க வேண்டும் என்று உயர்கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். பணியிடங்களுக்கு இனச் சுழற்சி இருக்கிறது, மேடைக்கு இல்லை. அழைக்கப்படும் வல்லுநர்களின் பெயர்களை வரிசையாகப் படித்துப் பாருங்கள், 69 விழுக்காடு இடஒதுக்கீடு உள்ள மாநிலம் போலவா இருக்கிறது?

சுற்றறிக்கை வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம். மாநிலப் பல்கலைக்கழகங்களும் அரசுக் கல்லூரிகளும் 2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவை. பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டிய விண்ணப்பம் போதும். சேர்க்கை, மதிப்பீடு, கருத்துத் திருட்டுச் சோதனை ஆகியவற்றில் எந்தெந்த ஏஐ கருவிகள் பயன்படுத்தப்படுகின்றன, யாரிடமிருந்து என்ன விலைக்கு வாங்கப்பட்டன, சாதிப் பாகுபாட்டுக்காக அவை சோதிக்கப்பட்டனவா, சோதனை அறிக்கையின் நகல் வேண்டும் என்று நான்கு கேள்விகள். முப்பது நாள்களுக்குள் பதில் தர வேண்டும். ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு மாணவர் போட்டால்கூட, அடுத்த கல்வியாண்டின் சேர்க்கை தொடங்குவதற்குள் நம் கையில் ஒரு பட்டியல் இருக்கும்.